திரைக்கு முன்னால் நிற்பது ஒருவர் மட்டுமல்ல

வீட்டிலோ அலுவலகத்திலோ எல்லோரும் பார்க்கும் திரையில், உரியவரின் முகத்தைக் கேமரா அடையாளம் கண்ட பிறகே அவருடைய தகவலைக் காட்டினால் ரகசியம் காப்பாற்றப்படும் என்கிறார்கள். காப்பாற்றப்படாது.

முதலில், முகத்தை அறிவது வேறு; பிறர் கண்ணிலிருந்து மறைப்பது வேறு. உப்பு டப்பாவை எடுக்கப் போனேன். சமையலறைத் திரை என் முகத்தைக் கண்டதும் 'ஸ்கேன், நாளை காலை 9 மணி' என்று காட்டியது. பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அத்தை எனக்கு முன்பே படித்துவிட்டார். "என்னம்மா ஸ்கேன்?" யாரிடமும் நான் சொல்லாத செய்தி அது. கேமரா தவறு எதுவும் செய்யவில்லை. சரியாக என்னைத்தான் அடையாளம் கண்டது. அதனால்தான் ரகசியம் போனது.

இரண்டு. வேறு முகம் தெரிந்தால் மறைத்துவிடலாமே? அப்படியானால் கேமரா ஓயாமல் எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விருந்தாளியிடமும் பக்கத்து வீட்டுக் குழந்தையிடமும் யார் அனுமதி கேட்டது? கேமராவின் கோணத்துக்கு வெளியே நிற்பவரை அது எப்படி அறியும்?

மூன்று. வீட்டுத் திரையைப் பகிர்பவர்களில் ஒரே ஜாடை உள்ளவர்களும் இருப்பார்கள். இரட்டையர், முகச்சாயல் ஒத்த உடன்பிறந்தோர் விஷயத்தில் தன் முக அடையாள வசதியான ஃபேஸ் ஐடி தவறும் வாய்ப்பு கூடுதல் என்று ஆப்பிளே சொல்கிறது. அது முகத்தின் ஆழத்தையும் அளக்கும் கருவி. சாதாரண கேமராவை எதை நம்பி ஏற்பது?

கடவுச்சொல் கசிந்தால் மாற்றலாம். முகத்தை?

பொதுத் திரை 'உங்களுக்கு ஒரு செய்தி' என்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். என்ன செய்தி என்பது என் கைப்பேசிக்கு வரட்டும்.