ஆயிரம் பக்கம் எழுதினால் தீர்க்கதரிசியா?

டாம் கிளான்சியின் ‘டெட் ஆஃப் ஆனர்’ நாவலை வைத்து எங்கள் வாசகர் வட்டத்தில் போன வாரம் ஒரு வாக்குவாதம். ஒரு பக்கம் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. கிளான்சியின் புத்தகங்களை ஒன்று விடாமல் வாங்கி அடுக்கியிருப்பவர். மறுபக்கம் குடிமைப்பணித் தேர்வுக்குப் படிக்கிற பையன்.

“முதல் நானூறு பக்கம் நகரவே மாட்டேங்குது சார். கார் பெட்ரோல் டேங்க் எப்படித் துருப்பிடிச்சுதுன்னு எனக்கெதுக்கு?” என்றான் பையன்.

“தம்பி, அதெல்லாம் ஆராய்ச்சி. ரெட்டைக் கோபுரத்தை ஏழு வருஷம் முன்னாடியே எழுதின மனுஷன்யா அவர். இந்த ஒரு புத்தகத்தை ஒழுங்காப் படிச்சாப் போதும், உலக அரசியல் அத்துப்படி. நேர்முகத் தேர்வுல கைகொடுக்கும்” என்றார் பெரியவர்.

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீளம் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கட்டும். மென்னட்டைப் பதிப்பில் ஏறக்குறைய ஆயிரம் பக்கம் வருகிற நாவல். ஒருவருக்கு அலுக்கும், ஒருவருக்கு ருசிக்கும். ஆனால் அலுக்கிறது என்கிறவனும் அபாரம் என்கிறவரும் ஒரு விஷயத்தில் கைகோத்துக்கொள்கிறார்கள். இவ்வளவு விவரம் எழுதியிருப்பவர் விஷயம் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று இருவருமே நம்புகிறார்கள். பையன் நீளத்தைத்தான் குறை சொல்கிறானே தவிர, புத்தகத்தைச் சந்தேகிக்கவில்லை. இந்த நம்பிக்கை பச்சைப் பொய். இதைச் சொல்ல நான் ராணுவ நிபுணனாக இருக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் செய்தித்தாள் படித்த எவருக்கும் இதைச் சொல்லும் தகுதி உண்டு.

நாவல் வெளிவந்தது 1994 ஆகஸ்டில். ஜப்பான் அமெரிக்காவோடு போருக்குப் போய் மரியானா தீவுகளைப் பிடிக்கிறது என்பது பிரதான கதை. அதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. இந்தியக் கடற்படை இலங்கை மீது படையெடுக்கத் தயாராகிறது; அமெரிக்கக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலில் குறுக்கே நின்று அதைத் தடுக்கின்றன.

இந்தியா, இலங்கை மீது, 1994-இல்! யாரிடம் கேட்டு எழுதினார் இதை?

1987 ஜூலை 29 அன்று ஒப்பந்தம் போட்டு, அமைதிப்படை என்று பெயர் வைத்து அனுப்பினார்கள். யாரைக் காப்பாற்றப் போனதாகச் சொன்னார்களோ அவர்களோடேயே சண்டை மூண்டது. அந்த அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் உயிரைவிட்டார்கள். செத்துப்போன தமிழ்ச் சனத்தின் கணக்கை எந்த அரசாங்கமும் ஒழுங்காக எழுதவில்லை. 1990 மார்ச்சில் மிச்சப் படை சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, வரவேற்கப் போக மாட்டேன் என்று முதலமைச்சர் கருணாநிதி மறுத்தார். அடுத்த ஆண்டு மே மாதம் ஸ்ரீபெரும்புதூர். அதே 1991-இல்தான் அந்நியச் செலாவணிக்கு வழியில்லாமல் தங்கத்தை விமானத்தில் ஏற்றி லண்டனில் அடகு வைத்தது இந்தியா. இத்தனை அடிபட்ட நாடு மூன்றே வருஷத்தில் மறுபடி அதே தீவுக்குக் கப்பல் கட்டிக்கொண்டு கிளம்புமா? இலங்கை என்ற பெயரைக் கேட்டாலே டெல்லியில் முகத்தைத் திருப்பிக்கொண்ட காலம் அது. எங்கள் ஊர் டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தவருக்குத் தெரிந்த இந்தச் சங்கதி, ஆராய்ச்சி செய்து ஆயிரம் பக்கம் எழுதியவருக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த இந்தியக் கப்பற்படையின் அட்மிரலுக்குக் கிளான்சி சூட்டியிருக்கும் பெயர் சந்திரஸ்கட்டா. இந்தியாவில் எந்த மாநிலத்தில், எந்தக் குடும்பத்தில் இப்படி ஒரு பெயர் வைப்பார்கள்? ரேடார் வகையையும் ஏவுகணை வகையையும் எழுத்துப் பிசகாமல் எழுதத் தெரிந்தவருக்கு, ஒரு நாட்டின் கடற்படைத் தளபதிக்கு நம்பும்படியாக ஒரு பெயர் வைக்கத் தெரியவில்லை. டெல்லித் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டியிருந்தாலே கிடைத்திருக்கும். ஆயுதத்துக்கு ஆராய்ச்சி, ஆளுக்குக் கற்பனை. இதற்குப் பெயர் உலக அறிவாம்.

நம் சங்கதி தெரியவில்லை, போகட்டும், ஜப்பானாவது தெரிந்ததா? பணத்திமிர் தலைக்கேறிய ஜப்பான் அமெரிக்காவை விழுங்கப் பார்க்கிறது என்பதுதான் நாவலின் அடித்தளம். 1989 டிசம்பர் இறுதியில் 38,900-ஐத் தாண்டிய டோக்கியோவின் நிக்கேய் பங்குக் குறியீடு, 1992 ஆகஸ்டில் 15,000-க்கும் கீழே விழுந்துவிட்டது. ஜப்பான் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நேரத்தில், அது உலகை மிரட்டுவதாக எழுதி அச்சடித்தார்கள். இலங்கை விஷயத்தில் நான்கு வருஷம் பின்தங்கியவர் ஜப்பான் விஷயத்திலும் அதே அளவுக்குப் பின்தங்கியிருந்தார். இவரைத்தான் எதிர்காலத்தைக் கண்டவர் என்கிறார்கள்.

இனி அந்தத் தீர்க்கதரிசனத்துக்கு வருவோம். முதலில், நாவலில் இரட்டைக் கோபுரமே கிடையாது. போரில் மகனையும் சகோதரனையும் பறிகொடுத்த ஒரு ஜப்பானிய விமானி, பயணிகள் இல்லாத 747 விமானத்தைத் தனியாளாக ஓட்டிவந்து அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் மோதுகிறான். 2001 செப்டம்பர் 11 அன்று நடந்தது பத்தொன்பது பேர் சேர்ந்து நான்கு விமானங்களைக் கடத்திய சதி. விமானத்தை ஆயுதமாக்கும் யோசனையாவது கிளான்சிக்குச் சொந்தமா என்றால் அதுவும் இல்லை. 1974 பிப்ரவரியில் சாமுவேல் பைக் என்பவன் பால்டிமோர் விமான நிலையத்தில் துப்பாக்கியோடு ஒரு விமானத்துக்குள் ஏறினான். அதை வெள்ளை மாளிகையில் மோதி நிக்சனைக் கொல்வது அவன் திட்டம். விமானம் தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. பால்டிமோர், கிளான்சி பிறந்து வளர்ந்த ஊர். அவருக்கு அப்போது வயது இருபத்தாறு. சொந்த ஊரில் நடந்ததை இருபது வருஷம் கழித்து நாவலில் சேர்ப்பது எந்த எழுத்தாளனும் செய்கிற வேலை. அதில் தப்பே இல்லை. அதைத் தீர்க்கதரிசனம் என்று கொண்டாடுகிறவர்கள்தான் தப்புச் செய்கிறார்கள். கடைசி ஒரு காட்சியை வைத்துக்கொண்டு மீதி ஆயிரம் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். அந்த ஆயிரம் பக்கத்தில்தான் இந்தியா இலங்கைமீது பாயக் காத்திருக்கிறது.

“அரசியல் போகட்டும், ஆயுதமாவது சரியாக இருக்கும்” என்று அடுத்த வாதம் வரும். 1986-இல் வந்த ‘ரெட் ஸ்டார்ம் ரைசிங்’ நாவலில் எஃப்-19 என்று ரேடாருக்குத் தப்பும் அமெரிக்க விமானம் ஒன்று வருகிறது. உள்ளே ஆள் வைத்துத் தெரிந்துகொண்டார் என்று அப்போதும் பேசினார்கள். 1988 நவம்பரில் அமெரிக்க விமானப்படை உண்மையான விமானத்தின் படத்தை வெளியிட்டது. அதன் பெயர் எஃப்-117. தட்டைத் தகடுகளைக் கோணல்மாணலாக வெட்டி ஒட்டியது போன்ற உருவம். நாவலில் அந்த விமானம் வானத்தில் எதிரி விமானத்தைச் சுட்டு வீழ்த்துகிறது; நிஜ விமானத்துக்கு அந்த வேலையே கிடையாது, தரையிலுள்ள இலக்கில் குண்டு போடுவது மட்டும்தான்.

அந்தப் பையன் சலித்துக்கொண்ட பெட்ரோல் டேங்க் பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே அவனும் தப்பு. புத்தகத்தில் ஆகச் சிறந்த பக்கங்கள் அவைதான். உப்புக்காற்றில் கிடந்து ஓரம் அரித்துப்போன ஒரு டேங்க், காரில் பொருத்தப்பட்டு, விற்கப்பட்டு, நெடுஞ்சாலையில் ஒரு மோதலில் வெடித்து ஒரு குடும்பத்தை எரிக்கிறது. அந்தக் கோபத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் வர்த்தகச் சட்டம் போடுகிறது. அதிலிருந்து போர் முளைக்கிறது. கவனக்குறைவான ஒரு சின்ன வேலை எப்படிப் படிப்படியாகப் பெரிதாகிறது என்பதை அவ்வளவு நிதானமாக, அவ்வளவு பயங்கரமாக எழுதியிருக்கிறார். எப்படி முடிந்தது? எழுத்தாளர் ஆவதற்கு முன் கிளான்சி மேரிலாந்தில் காப்பீட்டு முகவர். கார் விபத்து, பழுதான பாகம், யார் பொறுப்பு என்ற விசாரணை, இதெல்லாம் அவருடைய தொழில் சார்ந்த உலகம். தெரிந்ததை எழுதும்போது மனிதர் கலைஞர். தெரியாததை எழுதும்போது அட்மிரல் சந்திரஸ்கட்டா. வாசகர்கள் தலைகீழாக, முதலாவதைத் தாண்டிப் போய் இரண்டாவதை மெச்சுகிறார்கள்.

வெறும் கதைதானே, விட்டுவிடு என்பீர்கள். விட முடியாது, ஏனென்றால் நாடாள்பவர்களும் இதை நம்பியிருக்கிறார்கள். 1986 அக்டோபரில் ரேக்யவிக்கில் கோர்பச்சேவுடன் பேசி முடித்த கையோடு, அதிபர் ரேகன் மார்கரெட் தாட்சரிடம் தொலைபேசியில் என்ன சொன்னார் தெரியுமா? சோவியத்தின் எண்ணமும் உத்தியும் விளங்க வேண்டுமானால் ‘ரெட் ஸ்டார்ம் ரைசிங்’ படியுங்கள் என்றார். பிரிட்டிஷ் ஆவணக் காப்பகம் பிறகு வெளியிட்ட குறிப்பில் இது இருக்கிறது. அந்த நாவலில் எண்ணெய்க்காக நேட்டோவோடு முழுப் போரில் இறங்கிய சோவியத், நிஜத்தில் ஐந்து வருஷத்தில் நேட்டோ மீது ஒரு குண்டு சுடாமல் கலைந்துபோனது. அணு ஆயுதப் பொத்தான் கையிலிருந்த மனிதர் தன் எதிரியை ஒரு காப்பீட்டு முகவரின் கற்பனையிலிருந்து படித்துக்கொண்டிருந்தார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

கிளான்சி 2013-இல் காலமானார். இன்றும் அவர் பெயர் அட்டையில் கொட்டை எழுத்தில் வருகிறது. உண்மையில் எழுதியவர் பெயர் கீழே சிறிதாக. வீடியோ கேம் டப்பாக்களிலும் அதே பெயர். வாங்குகிறவருக்கு அது ஆசிரியர் பெயரல்ல, ‘உள்ளே உண்மை இருக்கிறது’ என்ற முத்திரை. நம் தொலைக்காட்சிகளில் எல்லையில் ஒரு துப்பாக்கி வெடித்தவுடன் வந்து உட்கார்ந்து, ஏவுகணைத் தூரத்தையும் டாங்கி எண்ணிக்கையையும் ஒப்பித்துவிட்டு மூன்று நாளில் போர் முடியும் என்று அடித்துச் சொல்கிறவர்களும் இதே பள்ளியில் படித்தவர்கள்தான். எல்லைக்கு அந்தப்பக்கம் மனிதர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள், போன போரில் யாரை இழந்தார்கள் என்று அவர்களில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. தமிழ் நாவல்களுக்கும் இந்த நோய் தொற்றிவிட்டது. “நிறையத் தகவல் இருக்கு” என்பதையே நாவலுக்கான உச்சபட்சப் பாராட்டாகச் சொல்கிறார்கள். தகவல் வேண்டுமென்றால் அரசிதழ் படிக்கலாமே.

செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த அமெரிக்க ஆணையத்தின் அறிக்கை 2004-இல் வந்தது. வெள்ளை மாளிகையில் பயங்கரவாத எதிர்ப்புப் பொறுப்பில் இருந்த ரிச்சர்ட் கிளார்க், விமானம் ஆயுதமாகலாம் என்ற எண்ணம் தனக்கு உளவுத்துறை எச்சரிக்கைகளைவிட டாம் கிளான்சி நாவல்களிலிருந்தே அதிகம் வந்தது என்று சொன்னதாக அதில் பதிவாகியிருக்கிறது. கிளான்சி ரசிகர்கள் இதைப் பதக்கமாக மாட்டிக்கொள்கிறார்கள். ஆனால் நாவல் வந்த அதே 1994-இன் டிசம்பரில் அல்ஜீரியத் தீவிரவாதிகள் ஏர் பிரான்ஸ் விமானத்தைக் கடத்திப் பாரிஸ் மீது மோதத் திட்டமிட்டது உண்மைச் சம்பவம். உண்மை கண்முன்னே கிடந்தது. அதிகாரி நாவலிலிருந்து கற்றுக்கொண்டார். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

உலக அரசியலுக்காகத் தடித்த புத்தகம் தேடுகிற இளைஞர்களுக்குச் சொல்கிறேன். அந்த ஆணைய அறிக்கை பொதுவெளியில் இலவசமாகக் கிடைக்கிறது, அதுவும் தடிமன்தான், அதைப் படியுங்கள். இந்தியாவும் இலங்கையும் பற்றித் தெரிய வேண்டுமா? அன்று கொழும்பில் இந்தியத் தூதராக இருந்த ஜே.என். தீட்சித் ‘அசைன்மென்ட் கொழும்பு’ எழுதியிருக்கிறார். அமைதிப்படையின் தளபதியாகப் போன ஹர்கிரத் சிங்கும் தன் தரப்பை எழுதியிருக்கிறார். இருவருக்கும் ஆகாது, இரண்டையும் படித்துச் சண்டை எங்கே என்று பாருங்கள். பிறகு யாழ்ப்பாணத்தில் அந்த மூன்று வருஷத்தை உயிரோடு கடந்த ஒருவர் உங்கள் ஊரில் இருப்பார், அவரிடம் போய்க் கேளுங்கள். கிளான்சியை அதற்கப்புறம் கதையாக மட்டும் படியுங்கள்.