பழகுற ஸ்டூடன்ட்ஸ் கையில எங்கட பிள்ளைகளின் பல்லா?



போன மாதம் தரம் 3, 4 பிள்ளைகளைப் பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போக அனுமதிக் கடிதம் கொடுத்து அனுப்பினோம். மொத்தம் 41 கடிதம். கையொப்பத்தோடு திரும்பி வந்தது 14. மீதியில் பாதி புத்தகப் பைக்குள் கசங்கிக் கிடக்கும், அது எங்களுக்குப் பழகிப்போன விசயம். ஆனால் ஏழெட்டுப் பெற்றோர் வேலை மினக்கெட்டு பாடசாலைக்கே வந்தார்கள். எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான்.

"அங்க பார்க்கிறது டொக்டர் இல்லையாமே டீச்சர். படிக்கிற ஸ்டூடன்ட்ஸாம். எங்கட பிள்ளைகள வெச்சா அவங்க பழகப் போறாங்க?"

கேட்டதில் பிழை இல்லை. பிள்ளையைப் பெற்றவர் கேட்க வேண்டிய கேள்விதான். அன்று அவசரத்தில் நாங்கள் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "கட்டாயம் இல்லை, விருப்பம் இருந்தா அனுப்புங்க" என்று முடித்துவிட்டோம். அப்படி முடித்தது சரியில்லை என்று மனது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில் ஒரு பிள்ளையின் கதை. பெயரும் வகுப்பும் வேண்டாம். போன வருடமும் இதே கடிதம் போனது, இதே காரணத்தால் அந்தப் பிள்ளையின் வீட்டில் கையொப்பம் வைக்கவில்லை. கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. "பால் பல்தானே டீச்சர், விழுந்திடும்" என்றார் உம்மா. இந்த வருடம் இரண்டாம் தவணையில் ஒரு திங்கட்கிழமை கன்னம் வீங்கி, காய்ச்சலோடு வந்து வகுப்பில் மேசையில் தலை வைத்துப் படுத்துக் கிடந்தாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் பல்லைக் கழற்றினார்கள். அது பால் பல் இல்லை. பத்து வயதில் போன அந்தப் பல்லின் இடத்தில் இனி ஒன்றும் முளைக்காது.

இந்த இடத்தை உம்மாமார் கொஞ்சம் கவனமாக வாசிக்க வேண்டும். பிள்ளைக்கு ஏறக்குறைய ஆறு வயதாகும்போது, பால் பற்களுக்கெல்லாம் பின்னால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு பெரிய கடைவாய்ப் பற்கள் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே வருவதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் பால் பல் என்றே நினைப்போம். ஆனால் அவை நிரந்தரப் பற்கள், ஆயுள் முழுக்க மெல்ல வேண்டியவை. மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருக்கும். ஆறு வயதுப் பிள்ளையின் பிரஷ் அங்கே சரியாகப் போய்ச் சேராது. டொபியும் பிஸ்கட்டும் போய்ச் சேரும். முளைத்த கையோடு அந்தப் பள்ளங்களை ஒரு பூச்சால் மூடிவிட்டால் பெரும்பாலும் தப்பிவிடலாம். ஊசியும் இல்லை, மெசினும் இல்லை. கிளினிக்கில் மாணவர்கள் செய்கிற வேலைகளில் இதுவும் ஒன்று. நாங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய வேலைகளில் இதுவும் ஒன்று.

(மிஸ்வாக்கின் சிறப்பை ஜும்ஆவில் கேட்டுவிட்டு, வாசலில் வைத்தே பிள்ளைக்கு டொபி வாங்கிக் கொடுக்கிற கூட்டத்தில் நாங்களும் சேர்த்திதான். யாரையும் குத்திக் காட்டச் சொல்லவில்லை.)

சரி, "பழகுறது" என்ற விசயத்துக்கு வருவோம்.

நாங்கள் ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் கற்பித்தல் பயிற்சிக்கு ஒரு பாடசாலைக்கு அனுப்பினார்கள். முதல் நாள் தரம் 2க்குக் கழித்தல் சொல்லிக் கொடுக்க நின்றபோது கை நடுங்கியது. வெண்கட்டி இரண்டு தரம் கீழே விழுந்தது. பின்வரிசையில் விரிவுரையாளர் ஒருவர் கொப்பியோடு உட்கார்ந்து ஒவ்வொரு பிழையையும் எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள்? யாரோ ஒரு உம்மா வாப்பாவின் பிள்ளைகள்தானே. எங்களை வைத்துப் பழக வேண்டாம் என்று அவர்கள் சொல்லியிருந்தால் இன்று உங்கள் பிள்ளைக்குப் படிப்பிக்க நாங்கள் இருக்க மாட்டோம். பெரியவர்களை உட்கார வைத்துச் சிறுபிள்ளைக்குப் படிப்பிக்கப் பழக முடியாது. பல் வைத்தியமும் அப்படித்தான்.

பல் மருத்துவ மாணவர்கள் எடுத்த எடுப்பில் பிள்ளையின் வாயில் கை வைப்பதில்லை. முதலில் பாடம், பிறகு பொம்மைத் தலையில் பொருத்திய பற்களில் மாதக் கணக்கில் பயிற்சி, அதற்குப் பிறகுதான் நோயாளி. ஆனால் பொம்மைத் தலைக்கு எச்சில் ஊறாது, நாக்குக் குறுக்கே வராது, "உம்மா எங்க?" என்று கேட்காது. பால் பல்லே வேறு மாதிரி. வெளி ஓடு மெல்லியது, உள்ளே நரம்பு இருக்கிற அறை அளவுக்குப் பெரியது. அதனால் சூத்தை பெரியவர்களின் பல்லைவிடக் கெதியாக நரம்பைத் தொட்டுவிடும். வாய் சின்னது, பொறுமை அதைவிடச் சின்னது. இதையெல்லாம் நாற்பது வயது ஆளைக் கதிரையில் இருத்திப் பழக முடியாது.

எங்கள் நாட்டில் பல் மருத்துவப் படிப்பு 1943இல் கொழும்பில் ஆரம்பித்து, பிறகு பேராதனைக்குப் போனது. அங்கே இருக்கிற பற் போதனா வைத்தியசாலையில் இந்த மாணவர்கள் மேற்பார்வையின் கீழ்தான் நோயாளிகளைப் பார்த்துப் பட்டம் பெறுகிறார்கள். எங்கள் பாடசாலைகளுக்கு வருகிற பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் மஹரகமவில் பயிற்சி எடுத்தவர்கள். நியூசிலாந்தில் 1921இல் ஆரம்பித்த முறையைப் பார்த்து வந்தது அது. பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பதற்கென்றே தனியாக ஆட்களைப் பயிற்றும் முறை. அவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் முதல் பிள்ளையைப் பார்த்தவர்கள்தான். இன்று நாங்கள் காசு கொடுத்துக் காத்திருந்து காட்டுகிற டொக்டர்மாரும் அப்படித்தான்.

இரண்டு தரம் பிள்ளைகளோடு பயிற்சிக் கிளினிக்குக்குப் போய், கதிரைக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தோம். அந்த மாணவி முதல் நாள் பல்லில் கைவைக்கவே இல்லை. கண்ணாடியைக் கையில் கொடுத்து "எத்தனை பல் இருக்குன்னு ரெண்டு பேரும் எண்ணுவமா?" என்றார். பிறகு சுற்றுகிற பிரஷை மகனின் பெருவிரல் நகத்தில் வைத்துக் காட்டினார். கூசுகிறது என்று சிரித்தான். அதற்குப் பிறகுதான் பல்லில் வைத்தார். முதலில் சொல்வது, பிறகு காட்டுவது, அதன் பிறகு செய்வது. இதை அவர்களுக்கு ஒரு முறையாகவே படிப்பிக்கிறார்கள். நாங்கள் வகுப்பில் செய்கிறதும் இதுதானே. இடது கையை உயர்த்தினால் உடனே நிறுத்துவேன் என்று சொல்லி வைத்திருந்தார். பயல் அது உண்மையா என்று பார்க்கவே நாலைந்து தரம் கையை உயர்த்தினான். ஒவ்வொரு தரமும் நிறுத்தினார். எங்களுக்கே பொறுமை போய்விட்டது, அவருக்குப் போகவில்லை.

நேரம் எடுக்கும், அதை மறைக்கவில்லை. கை தேர்ந்த டொக்டர் இருபது நிமிடத்தில் அடைக்கிற பல்லுக்கு மாணவர் ஒரு மணித்தியாலம் எடுப்பார். சூத்தையைச் சுரண்டி முடிந்ததும் மேற்பார்வை டொக்டர் வந்து பார்க்க வேண்டும். அவர் சரி என்றால்தான் அடைக்கலாம், அடைத்த பிறகும் பார்ப்பார். ஒரு தரம் "இன்னும் இருக்கு, திரும்ப எடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது எங்களுக்கு வந்தது பயமில்லை, நிம்மதி. தனியார் கிளினிக்கில் கதவு மூடியிருக்க, செய்த வேலையை இன்னொருவர் பார்க்கிற வழக்கம் எங்கே இருக்கிறது?

அனுபவம் இருந்தால் மட்டும் பிள்ளைக்கு நல்லது நடந்துவிடும் என்றும் இல்லை. பல வருடங்களுக்கு முன் வேறொரு இடத்தில், நல்ல அனுபவமுள்ள ஒருவர், ஏழு வயதுப் பையனை மூன்று பேர் அமத்திப் பிடிக்க ஐந்தே நிமிடத்தில் பல்லைக் கழற்றியதைப் பார்த்தோம். வேலை சுத்தம். ஆனால் அந்தப் பையன் தரம் 6க்கு வரும்வரை, பல் பார்க்க ஆள் வருகிற நாளில் எல்லாம் கழிவறைக்குள் போய்க் கொண்டி போட்டுக்கொள்வான். கதவைத் தட்டிக் கூப்பிட்டது நாங்கள்தான்.

அதற்காக, மாணவர்கள் செய்வதெல்லாம் சரி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள் என்று சொல்லவில்லை. நாங்கள் பிள்ளையைக் கொடுக்கிறோம் என்றால் கேட்கிறதற்கு உரிமையும் இருக்கிறது. அனுப்பாமல் இருந்துகொண்டு முணுமுணுப்பதைவிட, அனுப்பிவிட்டு உரிமையோடு கேட்பது நல்லது.

பெரிய விசயம் பாஷை. எங்கள் பிள்ளைகளுக்குச் சிங்களம் பாடப் புத்தகத்தோடு சரி. மாணவர்களில் பலருக்குத் தமிழ் வராது. சொல், காட்டு, செய் என்ற முறையில் முதல் படியே சொல்லுவதுதான். சொல்வது பிள்ளைக்கு விளங்காவிட்டால் மீதி இரண்டும் வெறும் பயம்தான். இதற்கு நாங்கள் ஒரு சின்ன வேலை செய்தோம். "வாயைத் திறங்க மகன்", "நோகுதா?", "கொஞ்சம் கூசும்", "முடிஞ்சிட்டுது" என்று இருபது வசனங்களைச் சிங்கள எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அந்தத் தாளைக் கதிரைக்கு மேலே ஒட்டி வைத்துக்கொண்டார்கள். உச்சரிப்பைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பிலேயே பாதிப் பயம் போனது. ஆனால் இது நாலு ஆசிரியர்கள் ஒரு தாளில் செய்கிற வேலை இல்லை. பல் மருத்துவ மாணவர்களுக்குப் பிள்ளைகளோடு பேசுகிற தமிழும் (தமிழ் பேசுபவருக்குச் சிங்களமும்) பயிற்சியின் ஒரு பகுதியாக வர வேண்டும். எழுத்தில் கேட்க வேண்டிய கோரிக்கை அது.

இரண்டாவது, வளர்ந்த பெண் பிள்ளைகள். மாணவி ஒருவர் பார்த்தால் நல்லது என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நாங்கள் கேட்ட இரண்டு தரமும் மறுக்கவில்லை. உம்மா பக்கத்தில் இருக்கலாமா என்பதையும் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில பிள்ளைகளுக்கு உம்மா பக்கத்தில் இருந்தால்தான் அழுகை கூடும், அதையும் மறக்க வேண்டாம்.

இனி எங்கள் பக்கத்துப் பிழைகள். போன முறை விறைப்பு ஊசி போட்ட பிள்ளை ஒன்று வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடும்போது தன் உதட்டையே கடித்துக்கொண்டது. அடுத்த நாள் உதடு வீங்கி வெள்ளையாகிவிட்டது. "ஸ்டூடன்ட் வெட்டிட்டான்" என்று ஊர் முழுக்கக் கதை. உண்மையில் ஊசியின் விறைப்பு இரண்டு மூன்று மணித்தியாலம் இருக்கும். அது போகும்வரை சாப்பாடு கொடுக்கக் கூடாது, உதட்டை மெல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த மாணவர் அதைச் சொல்லித்தான் அனுப்பினார். வீட்டுக்கு எழுதி அனுப்ப மறந்தது நாங்கள்.

இன்னொன்று, பாதியில் விடுவது. தற்காலிகமாக அடைத்துவிட்டு அடுத்த திகதி கொடுப்பார்கள். அந்தத் திகதியில் ஒரு கலியாணம் வரும், தவணைப் பரீட்சை வரும், தரம் 5 என்றால் புலமைப்பரிசில் வகுப்பு வரும். மூன்று மாதத்தில் அடைப்பு விழுந்து திரும்ப நோவு. பிறகு பழி மாணவர் தலையில்.

அடுத்தது வெருட்டுவது. "குழப்படி செய்தா பல் டொக்டர்ட்ட கொண்டுபோய் ஊசி போடுவன்" என்று வீட்டிலும் சொல்கிறோம், உண்மையைச் சொன்னால் வகுப்பிலும் சொல்லியிருக்கிறோம். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளையைத்தான் இருபத்திரண்டு இருபத்திமூன்று வயதுப் பிள்ளை ஒன்றின் கையில் ஒப்படைத்து, அழாமல் வேலையை முடி என்கிறோம்.

கடிதத்தைத் திரும்ப அடித்திருக்கிறோம். "பயிற்சி மாணவர்கள், மேற்பார்வை டொக்டரின் முன்னிலையில் சிகிச்சை அளிப்பார்கள்" என்ற வசனத்தை இந்த முறை முதல் வரியிலேயே போட்டிருக்கிறோம். பெற்றோர் யாராவது கூட வர விரும்பினால் பஸ்ஸில் ஆறு இடம் இருக்கிறது. காலை இரண்டாம் பாடம் முடிந்ததும் புறப்படுவோம். பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு கொடுத்து, பல் தீட்டி அனுப்புங்கள். "ஊசி போடவே மாட்டாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்ப வேண்டாம். போட வேண்டி வந்தால் அந்த மாணவர் என்ன சொன்னாலும் பிறகு பிள்ளை நம்பாது.

கடிதம் ஞாயிற்றுக்கிழமை பகல் வரை. இன்ஷா அல்லாஹ், இந்த முறை 14ஐத் தாண்டுமா என்று பார்ப்போம்.