வல்லார்பாடம் புகட்டும் பாடம்: மென்பொருளும் அதன் காவலும்

வேம்பநாட்டுக் காயலின் நீர் கடலோடு கலக்கும் கொச்சித் துறைமுக வாயிலுக்கு அருகே வல்லார்பாடம் என்னும் சிறு தீவு அமைந்துள்ளது. மாதா கோயிலுக்காக நெடுங்காலமாகப் பெயர் பெற்று விளங்கும் இத்தீவு, 2004-ஆம் ஆண்டில் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்படும் வரையில் எறணாகுளத்துடன் படகு வழியாகவே தொடர்பு கொண்டிருந்தது. 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள், அப்போதைய பிரதமர் டாக்டர் மன்மோகன் சிங் இங்கே பன்னாட்டுச் சரக்குப் பெட்டக மாற்று முனையத்தைத் தொடங்கி வைத்தார். இவ்வகையில் இந்தியாவில் அமைந்த முதல் முனையம் இதுவே.

முனையத்தைக் காண்போரின் கண்ணில் முதலில் படுவன வானளாவிய பாரந்தூக்கிகளே. ஆயினும் அவற்றை இயக்குவிக்கும் சக்தி கண்ணுக்குப் புலப்படாதது. எந்தப் பெட்டகம் எந்த அடுக்கில் உள்ளது, எந்தக் கப்பலில் ஏற வேண்டும், சுங்க அனுமதி கிடைத்ததா, வாயிலில் நிற்கும் லாரியை உள்ளே விடலாமா என்பன போன்ற வினாக்களுக்கெல்லாம் விடை கூறுவது மென்பொருள்தான். அது நின்றுவிடுமாயின் பாரந்தூக்கி வெறும் இரும்பாகிவிடும். குளிர்ப் பெட்டகத்தில் காத்திருக்கும் இறாலுக்கும், ஏற்றுமதிக் கெடு தவறும் மிளகு வியாபாரிக்கும், வாயிலில் இரவைக் கழிக்கும் லாரி ஓட்டுநருக்கும் அது நஷ்டமாக முடியும். ஆகவே இத்தகைய மென்பொருளை எவ்வாறு ஆக்குவது, எவ்வாறு மாற்றுவது, எவ்வாறு காப்பது என்பது பொறியியலாளர்களுக்கு மட்டுமே உரிய பிரச்சினை அன்று.

பழைய முறையும் புதிய முறையும்

கட்டடம் எழுப்புவதைப் போலவே மென்பொருளையும் ஆக்கலாம் என்பது முற்காலத்துக் கொள்கை. தேவைகளையெல்லாம் முதலில் எழுதி முடிப்பது, பின்னர் வரைபடம், அதன்பின் ஆக்கம், இறுதியில் சோதனை என ஒன்றன்பின் ஒன்றாகப் படி இறங்கும் இம்முறைக்கு அருவி முறை என்று பெயர். 1970-இல் இப்படிகளை விவரித்த வின்ஸ்டன் ராய்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளரே, சோதனையைக் கடைசிக்கு ஒத்திவைப்பது ஆபத்தானது என்று எச்சரித்தார். எச்சரிக்கை மறக்கப்பட்டது, படிகள் மட்டும் நிலைத்துவிட்டன.

இதற்கு மாற்றாக, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி ஓர் அறிக்கையை வெளியிட்டனர். அஜைல் முறை எனப்படும் இயக்கம் இதிலிருந்து பெயர் பெற்றது. பெரும் படைப்பைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, சில வாரங்களுக்கு ஒரு முறை இயங்கக்கூடிய ஒரு பகுதியைப் பயன்படுத்துவோர் கையில் கொடுத்து, அவர்கள் கூறும் குறைகளைக் கேட்டு, அடுத்த பகுதியைத் திருத்தி அமைப்பதே இம்முறையின் சாரம். திட்டம் வேண்டாம் என்று இது கூறவில்லை. திட்டத்தை அனுபவத்தின் முன் பணியச் சொல்லுகிறது.

வல்லார்பாடத்தின் வரலாறே இதற்கு ஒரு சான்று. அயல்நாடுகளில் கைமாறிவந்த இந்தியப் பெட்டகங்களை இங்கேயே கப்பல் மாற்றி அனுப்பலாம் என்னும் எதிர்பார்ப்புடன் முனையம் திட்டமிடப்பட்டது. ஆனால் இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே அயல்நாட்டுக் கப்பல்கள் சரக்கேற்றிச் செல்வதைக் கட்டுப்படுத்திய சட்டம் குறுக்கே நின்றது. 2012-இல் இம்முனையத்திற்கு மட்டும் தற்காலிக விலக்கு அளிக்கப்பட்டது. 2018-இல்தான் அவ்விதி நாடு முழுவதற்கும் தளர்த்தப்பட்டது. ஆழமான திட்டமும் உலகத்தோடு உரசும்போது திருத்தம் வேண்டுகிறது. கல்லிலும் இரும்பிலும் திருத்தம் செய்வது கடினம். மென்பொருளில் அது எளிது. எளிதானதைக் கடினமாக்கிக் கொள்ளும் ஒப்பந்த முறையை இனியும் வைத்துக் கொள்வது அறிவுடைமை ஆகாது.

தடுப்பூசிப் பதிவு காட்டிய வழி

மாறும் தேவைக்கு ஏற்ப மென்பொருள் மாற வேண்டியதன் அவசியத்தை, கோவிட் காலத்தில் இயங்கிய கோவின் பதிவு அமைப்பு நன்கு விளக்குகிறது. 2021 ஜனவரி 16-இல் சுகாதாரப் பணியாளர்களுக்காகத் தொடங்கிய தடுப்பூசித் திட்டம், மார்ச் 1 முதல் முதியோருக்கும், ஏப்ரல் 1 முதல் 45 வயதுக்கு மேற்பட்டோருக்கும், மே 1 முதல் 18 வயது நிரம்பிய அனைவருக்கும் விரிந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் விதி மாறியது. விதியுடன் மென்பொருளும் மாற வேண்டியதாயிற்று.

ஊசி போட்டுக் கொள்ளாதவர்களுக்கும் போட்டதாகச் செய்தி வந்த குறையைத் தவிர்ப்பதற்காக, மே 8-ஆம் நாள் நான்கு இலக்க இரகசிய எண் புகுத்தப்பட்டது. கோவிஷீல்டு மருந்தின் இரு தவணைகளுக்கு இடையே 12 முதல் 16 வாரம் இருக்க வேண்டும் என்று மே 13-இல் தீர்மானமாயிற்று. மூன்று நாட்களுக்குள் அமைப்பு அதற்கேற்ப மாற்றப்பட்டதாக அரசாங்கம் அறிவித்தது. முன்னரே நாள் குறித்துக் கொண்டவர்களின் பதிவுகள் இரத்துச் செய்யப்படவில்லை. இணைய வசதி அற்றோர் படும் இன்னலைக் கருதி, மே 24 முதல் 18 முதல் 44 வயதுடையோரும் அரசாங்க நிலையங்களில் நேரிலேயே பதிவு செய்ய வழி செய்யப்பட்டது. முடிவில் 220 கோடிக்கு மேற்பட்ட தவணைகள் இவ்வமைப்பில் பதிவாயின.

எல்லாத் தேவைகளையும் முதலிலேயே எழுதி முடித்த பின்னர்தான் ஆக்கத்தைத் தொடங்குவோம் என்று காத்திருந்தால், தேவைப் பட்டியல் முடிவதற்குள் தொற்று நாடெங்கும் சுற்றி வந்திருக்கும். அதே வேளையில், 2023 ஜூன் மாதத்தில் கோவின் விவரங்கள் வெளியாயின என்ற செய்தி பரவியபோது, சுகாதார அமைச்சகம் அதனை மறுத்த பின்னரும் மக்கள் கவலையுற்றனர் என்பதையும் மறத்தற்கில்லை. விரைவு நம்பிக்கையைச் சம்பாதித்துத் தரும். அதைக் காப்பாற்றித் தருவது காவலே.

பெட்டகமும் மென்பொருளும்

விரைவாக மாறும் மென்பொருளைப் பிழையின்றிப் பயனாளரிடம் சேர்ப்பது எப்படி? துறைமுகத் தொழிலே இதற்கும் விடை தந்திருக்கிறது. 1956 ஏப்ரல் 26-ஆம் நாள், மால்கம் மக்லீன் என்னும் அமெரிக்கரின் ஐடியல் எக்ஸ் கப்பல் 58 பெட்டகங்களுடன் நுவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கிய காலம் அன்றே முடியத் தொடங்கிற்று. 1973-இல் பிரெசிடென்ட் டைலர் என்னும் பெட்டகக் கப்பல் கொச்சிக்கு வந்தது முதல் இந்தியாவிலும் அம்முறை கால் கொண்டது. ஆலையில் பூட்டி முத்திரையிட்ட பெட்டகம் லாரி, இரயில், கப்பல் என்று ஊர்தி மாறினாலும் உள்ளே இருக்கும் பொருள் மாறுவதில்லை.

2013-இல் வெளிவந்த டாக்கர் என்னும் மென்பொருள் இக்கருத்தையே கைக்கொண்டது. ஒரு நிரலையும், அது இயங்கத் தேவையான துணைப் பொருள்களையும் ஒரே பெட்டகமாகக் கட்டினால், ஆக்கியவரின் கணிப்பொறியிலும், சோதனைக் கூடத்திலும், பயன்படும் இடத்திலும் அது ஒரே விதமாக இயங்கும். இத்தகைய ஆயிரக்கணக்கான பெட்டகங்களை நடத்திச் செல்லும் குபெர்னெட்டிஸ் என்னும் அமைப்பின் பெயருக்குக் கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவர் என்பது பொருள்.

இதனுடன் இணைந்ததே இடையறா வழங்கல் என்னும் நெறி. நிரல் எழுதுவோர் செய்யும் ஒவ்வொரு சிறு மாற்றமும் உடனே பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கப்படுகிறது. இயந்திரமே அதைக் கட்டி, பல சோதனைகளுக்கு உட்படுத்துகிறது. தேறினால் அடுத்த படி, தவறினால் திருப்பி அனுப்பப்படுகிறது. ஆண்டிற்கு ஒரு முறை ஆயிரம் மாற்றங்களை மொத்தமாக வெளியிட்டுப் பிழை நேர்ந்தால், ஆயிரத்தில் எது காரணம் என்று தேட வேண்டும். ஒரு மாற்றத்தை வெளியிட்டுப் பிழை நேர்ந்தால் காரணம் கண்முன் நிற்கிறது. சிறு மாற்றமே பத்திரமான மாற்றம் என்னும் கருத்து இதன் அடிப்படையாகும்.

விரைவினால் விளைந்த விபரீதங்கள்

எனினும் வழங்கும் வாய்க்காலே நஞ்சாகிவிட்டால் என்ன ஆகும்? 2017 ஜூன் 27-ஆம் நாள், யுக்ரேனில் வழங்கும் எம்.ஈ.டாக் என்னும் கணக்கு மென்பொருளின் புதுப்பிப்பு வழியாக நாட்பெட்யா என்னும் நாசநிரல் பரவியது. வாடிக்கையாளர்கள் தவறு ஏதும் செய்யவில்லை. நம்பத்தக்க இடத்திலிருந்து வந்த புதுப்பிப்பையே பெற்றுக் கொண்டனர். டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் சுமார் 4,000 வழங்கிகளையும் 45,000 கணிப்பொறிகளையும் பத்தே நாட்களில் புதிதாக அமைக்க நேரிட்டது. மும்பைக்கு அருகிலுள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய முனையமும் பாதிப்புக்கு உள்ளாயிற்று. 2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவில் டி.பி. வேர்ல்டு நிறுவனத்தின் முனையங்கள் கணினித் தாக்குதலால் சில நாட்கள் முடங்கின. சுமார் 30,000 பெட்டகங்கள் தேங்கின. வல்லார்பாடத்தை நடத்துவதும் அதே குழுமம் என்பதால், இச்செய்தி கொச்சிக்குத் தொலைவான ஒன்றன்று.

பகைவர் எவருமின்றியும் கேடு வரலாம். 2024 ஜூலை 19-ஆம் நாள், கணினிக் காவலுக்கென்றே அமைந்த கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் புதுப்பிப்பு ஒன்றில் பிழை நேர்ந்தது. 78 நிமிடங்களில் அது திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் கணிப்பொறிகள் செயலற்றுப் போயின. இந்திய விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் புதுப்பிப்பை முதலில் சில நூறு கணிப்பொறிகளுக்கு மட்டும் அனுப்பிப் பார்த்திருந்தால், கேடு அங்கேயே நின்றிருக்கும்.

காவல் எங்கே தொடங்க வேண்டும்?

இந்நாட்டில் அரசாங்க இணையதளங்களும் செயலிகளும், கணினி அவசரகாலக் குழுவாகிய செர்ட்-இன் பட்டியலில் உள்ள தணிக்கையாளரின் சான்றுடனேயே ஏற்றப்பட வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் சான்று ஒரு நாளைய மென்பொருளுக்கு வழங்கப்படுகிறது. மென்பொருளோ வாரந்தோறும் மாறுகிறது. மாறிய மென்பொருளுக்குப் பழைய சான்று, சென்ற ஆண்டு அளந்த கால்வாய் ஆழத்தை நம்பி இவ்வாண்டு கப்பலை உள்ளே விடுவதற்கு ஒப்பாகும். கொச்சிக் கால்வாயில் வண்டல் ஓயாது படிகிறது, 14.5 மீட்டர் ஆழமுள்ள கப்பல்களுக்காக அமைத்த வழி, தூர் வாராவிட்டால் தானே மேடாகிவிடும். மென்பொருளின் காவலும் தூர் வாருதல் போன்றது. அதற்கு முடிவு விழா இல்லை.

ஆகவே காவல் கடைசி வாயிலில் நிற்காமல் முதல் வரியிலிருந்தே உடன் செல்ல வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதியவர் அல்லாத மற்றொருவர் பார்வையிட வேண்டும். கடவுச்சொற்கள் நிரலில் ஒளிந்துள்ளனவா என இயந்திரம் தேட வேண்டும். பெட்டகத்திற்கு மின்னணு முத்திரை இருப்பது போல, கட்டிய மென்பொருளுக்கும் மின்கையொப்பம் வேண்டும். கப்பலுக்குச் சரக்குப் பட்டியல் இருப்பது போல, மென்பொருளின் உட்கூறுகளுக்கும் பட்டியல் வேண்டும். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்னும் சிறு உட்கூற்றில் ஓட்டை கண்டறியப்பட்டபோது, அது தம்மிடம் இருக்கிறதா என்பதையே அறியாமல் பல நிறுவனங்கள் திகைத்தன. 2024-இல் செர்ட்-இன் இத்தகைய பட்டியல் குறித்து வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருப்பது வரவேற்கத்தக்கது. தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்னும் 2022-ஆம் ஆண்டு ஆணையும் பயனுள்ளதே. ஆனால் தீப்பற்றியதை அறிவிப்பது வேறு, பற்றாமல் காப்பது வேறு.

எதிர்வாதமும் விடையும்

பொதுப் பணத்தைச் செலவிடும்போது முழுத் திட்டமும் விலையும் முன்கூட்டியே தெரிய வேண்டாமா என்று அதிகாரிகள் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்து வரும் ஒரு முழுமையைவிட, இரண்டு மாதத்திற்கு ஒரு முறை இயக்கிக் காட்டப்படும் பகுதி தணிக்கைக்கு எளிது; தவறு நேர்ந்தால் நஷ்டமும் சிறிது. அஜைல் என்ற பெயரால் ஆவணமும் ஒழுங்கும் இன்றி வேலை செய்வோர் உண்டு என்னும் குறையும் மெய்யே. அது முறையின் குற்றமன்று, மேற்பார்வையின் குற்றம். மேலும், பாரந்தூக்கியின் தடையைக் கட்டுப்படுத்தும் நிரலை வாரந்தோறும் மாற்ற வேண்டும் என்று எவரும் கூறார். உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் இடத்தில் நிதானமும், சீட்டுப் பதிவு போன்ற இடத்தில் விரைவும் தேவை. இடமறிந்து செயல்படுவதே பொறியியல்.

செய்ய வேண்டுவன தெளிவானவை. ஒப்பந்தங்கள், எழுதிய பக்கங்களுக்கு அன்றி இயங்கும் பகுதிகளுக்குப் பணம் அளிக்க வேண்டும். பராமரிப்புக்கும் காவலுக்கும் ஆண்டுதோறும் தனித் தொகை ஒதுக்க வேண்டும். சான்று ஒரு நாளுக்கு அன்றி, மாற்றங்களைச் சோதிக்கும் முறைக்கே வழங்கப்பட வேண்டும். எந்தப் புதுப்பிப்பும் சிலரிடம் தொடங்கிப் பலரிடம் பரவ வேண்டும்; தவறினால் பழைய நிலைக்குத் திரும்பும் வழி முன்னரே ஒத்திகை பார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

வல்லார்பாடத்தின் வாயிலில் காத்திருக்கும் லாரி ஓட்டுநருக்கு இச்சொற்களில் ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாயில் திறக்க வேண்டும். இரவுக்குள் அவர் வீடு திரும்ப வேண்டும். மென்பொருளின் விரைவும் காவலும் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்படலாம், ஏடுகளில் எழுதப்படலாம். இறுதியில் அளக்கப்படுவது அவருடைய காத்திருப்பினால்தான்.