உள்ளூர் முன்னுரிமை என்னும் சட்டக்கூற்றை மறுகுடியமர்வுப் பகுதிகளில் நடைமுறைப்படுத்தக் கோரும் மனு

விடுநர்: பொதுச் செயலாளர், கண்ணகி நகர் – செம்மஞ்சேரி – பெரும்பாக்கம் பகுதிச் சமூக அமைப்புகளின் கூட்டமைப்பு.

பெறுநர்: மாவட்ட நிர்வாகம், வாழ்விட மேம்பாடு, தொழில் ஆகியவற்றின் பொறுப்பு அலுவலர்கள்.

பொருள்: பழைய மாமல்லபுரம் சாலை நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி – அண்டைக் குடியிருப்புகளின் சமூக அமைப்புகளுடன் கூட்டுப்பணி – ஏற்பாடு செய்யக் கோருதல்.

பார்வை: இதே பொருள் குறித்து இக்கூட்டமைப்பு முன்னர் அளித்த மனுவும் அதன் தொடர்ச்சியான நினைவூட்டுக் கடிதங்களும்.

மேற்கண்ட மூன்று குடியிருப்புகளிலும் இயங்கும் குடியிருப்போர் நலச் சங்கங்கள், மகளிர் சுய உதவிக் குழுக்கள், மாலை நேரப் படிப்பகங்கள் ஆகியவற்றின் சார்பில் இம்மனு அளிக்கப்படுகிறது.

முந்தைய மனுவில் கூறப்பட்டவை படிக்கப்பட்டமைக்கு அடையாளம் ஏதும் கிடைக்காமையால் அவற்றை மீண்டும் எடுத்துரைக்க வேண்டியுள்ளது. தரமணியில் டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்ட 2000-ஆம் ஆண்டிலேயே, பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி, ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர்க் குடியேற்றமும் தொடங்கியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடற்கரைக் குடும்பங்கள் பல செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுவரப்பட்டன. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும், நகரின் நடுவிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே சாலைக்கு வந்துசேர்ந்த போதிலும், இரு தரப்புக்கும் இடையிலான உறவு, காவலுக்கும் துப்புரவுக்கும் ஒப்பந்ததாரர் வழியாக ஆள் அனுப்புவது என்ற அளவைப் பெரிதும் தாண்டவில்லை. அதற்கு மேற்பட்ட வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள், கண்ணகி நகர் என்று முகவரி எழுதினால் அழைப்பு வராது என அஞ்சித் துரைப்பாக்கம் என்று மட்டும் எழுதுவது நாளிதழ்களிலேயே வெளிவந்த செய்தி.

இந்நிலைக்குச் சட்டத்திலேயே வழி உள்ளது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர இலாபம் 5 கோடி ரூபாய் என்னும் மூன்று வரம்புகளில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். நிதி என்று பேச்சுவழக்கில் குறிக்கப்படுவது இதுவே. அப்பிரிவின் 5-ஆம் உட்பிரிவுக்கு ஒரு வரம்புரை, அதாவது அவ்விதியைக் கையாளும் முறையை நெறிப்படுத்தும் துணைக்கூற்று, சேர்க்கப்பட்டுள்ளது. நிறுவனம் தான் இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளுக்கும் இந்நிதியில் முன்னுரிமை அளிக்க வேண்டும் என்பதே அது. இம்மனுவின் முதற்கோரிக்கை முழுவதும் அந்த ஒரு வரம்புரையையே சார்ந்துள்ளது.

மத்திய நிறுவன விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, இம்முன்னுரிமை வழிகாட்டும் தன்மையுடையதே தவிரக் கட்டாயமானது அன்று எனத் தெளிவுபடுத்தியிருப்பதைக் கூட்டமைப்பு அறியும்; அலுவலர்களோ நிறுவனங்களோ அதைச் சுட்டிக்காட்டி இம்மனுவை முடித்துவைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இங்கே தானாக முன்வைக்கிறது. அதே சுற்றறிக்கை, உள்ளூர் முன்னுரிமையையும் தேசிய முன்னுரிமைகளையும் நிறுவனங்கள் சமன்செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. சமன்செய்வதாயின், உள்ளூர்த் தேவை இன்னதென்று எழுத்தில் உள்ள ஒரு பட்டியல் நிறுவனத்தின் இயக்குநர் குழு முன் இருக்க வேண்டும். அப்படியொரு பட்டியலை இம்மூன்று குடியிருப்புகளுக்கும் இதுவரை யாரும் தயாரித்து நிறுவனங்களிடம் அளித்ததாகக் கூட்டமைப்புக்குத் தெரியவில்லை. கேட்கப்படாத இடத்துக்கு முன்னுரிமை தரவில்லை என்று நிறுவனங்களை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. கேட்க வேண்டிய நிர்வாகமும் கேட்கவில்லை.

உள்ளூர் என்பதன் எல்லையும் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் சென்னை மாநகராட்சிக்குள் இருக்க, பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது. சோழிங்கநல்லூர் எல்காட் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் உள்ள நிறுவனத்துக்குப் பெரும்பாக்கம் மேடவாக்கம் சாலையில் சற்றே தள்ளியிருக்கும் அண்டை இடமாயினும், தாளில் அது வேறு மாவட்டம். 2021-இல் திருத்தப்பட்ட சி.எஸ்.ஆர். அறிக்கைப் படிவத்தில் ‘உள்ளூர்ப் பகுதியா, ஆம் அல்லது இல்லை’ என்று ஒரு பத்தி இருந்தது. மாவட்டத்தின் மறுகோடியில் செய்த பணிக்கு ‘ஆம்’ என்றும், வாயிலுக்கு எதிரே செய்த பணிக்கு ‘இல்லை’ என்றும் நிரப்ப இடம்தரும் பத்தி அது.

இவற்றை எல்லாம் கடந்து நிறுவனம் குடியிருப்பின் வாயில் வரை வந்தாலும், நிதியைப் பெற்றுக்கொள்ளத் தகுதியுள்ள அமைப்பு உள்ளே இல்லை. 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட சி.எஸ்.ஆர். விதிகளின் 4-ஆம் விதிப்படி, நிதியைச் செயற்படுத்தும் தனியார் அறக்கட்டளை அல்லது சங்கம் வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பதிவுகளும் மூன்று ஆண்டு முன்னனுபவமும் கொண்டிருக்க வேண்டும், அத்துடன் சி.எஸ்.ஆர்.-1 படிவத்திலும் பதிவு செய்திருக்க வேண்டும். பன்னிரண்டு பெண்கள் கூடி நடத்தும் சுய உதவிக் குழுவுக்கோ, மாடிப்படியின் கீழ் இயங்கும் படிப்பகத்துக்கோ இவை எட்டாதவை. ஆகவே நகரின் மறுபக்கத்துத் தொண்டு நிறுவனம் ஒன்று நிதியைப் பெற்று, வந்து, நிழற்படம் எடுத்து, ஆண்டு முடிந்ததும் சென்றுவிடுகிறது. பெரும்பாக்கத்து அடுக்ககம் ஒன்றின் தரைத்தளத்தில் இவ்வாறு வைக்கப்பட்ட குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்தில் நன்கொடையாளர் பெயர்ப்பலகை இன்றும் பளபளப்பாக உள்ளது. மெம்பிரேன் எனப்படும் வடிகட்டும் சவ்வை மாற்ற ஆளில்லாமையால் குழாயில் தண்ணீர் வருவதில்லை. அதன் மேல் குடங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டுள்ளன. இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் மெம்பிரேனின் விலை அற்பம். ஆனால் அதை வாங்கும் பொறுப்பு எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படவில்லை.

இச்சிக்கலைத் தீர்க்க விதியை மாற்ற வேண்டியதில்லை. அதே 4-ஆம் விதி, மாநில அரசு நிறுவிய பதிவுபெற்ற சங்கம் அல்லது அறக்கட்டளை வழியாகவும் நிதியைச் செலவிடலாம் என்கிறது. மூன்று ஆண்டு முன்னனுபவம் என்னும் நிபந்தனை அதற்குப் பொருந்தாது. நிறுவனங்கள் பல ஒன்றுசேர்ந்து ஒரே பணியை மேற்கொள்ளவும், தத்தம் பங்கைத் தனித்தனியே கணக்குக் காட்டவும் விதிகள் இடமளிக்கின்றன. எனவே மூன்று குடியிருப்புகளுக்கும் பொதுவாக அரசு ஒரு சங்கத்தைப் பதிவுசெய்து, அதன் ஆட்சிக் குழுவில் குடியிருப்போர் அமைப்புகளுக்குப் பாதிக்குக் குறையாத இடம் அளித்து, நிதியாண்டு பிறக்கும் முன் உள்ளூர்த் தேவைப் பட்டியலை நிறுவனங்களிடம் அளிக்கவும், ஒவ்வொரு பணிக்கும் பராமரிப்புச் செலவை ஒப்பந்தத்திலேயே சேர்க்கவும், மாவட்ட எல்லையைப் பொருட்படுத்தாமல் அண்மையையே உள்ளூர் எனக் கொள்ளவும் ஆணையிட வேண்டும் என்பதே முதற்கோரிக்கை. இதற்கு அரசு நிதி பெரிதாக ஏதும் தேவையில்லை; ஒரு பதிவும் ஒரு கூட்டமும் போதும். இவ்வளவு எளியதற்கு இத்தனை கடிதங்கள் தேவைப்பட்டிருக்க வேண்டியதில்லை என்பதைக் கூட்டமைப்பு மரியாதையுடன் பதிவு செய்கிறது.

இந்நிதியைச் செலவிடத்தக்க பணிகளைப் பட்டியலிடும், நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் குடிசைப்பகுதி மேம்பாடும் சேர்க்கப்பட்டுள்ளது. ஆயினும் சட்டப்படி அறிவிக்கப்பட்ட பகுதியே குடிசைப்பகுதி என விளக்கம் தரப்பட்டுள்ளது. 1971-ஆம் ஆண்டுக் குடிசைப்பகுதிச் சட்டத்தின் கீழ் சென்னையில் அறிவிப்புகள் வந்தது 1971-லும் 1985-லும்; இக்குடியிருப்புகளோ அதற்கு வெகுகாலம் பின்னர் அரசே கட்டியவை. அத்தலைப்பின் கீழ் வராவிடினும், சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கியோரின் ஏற்றத்தாழ்வைக் குறைத்தல் என்னும் தலைப்பின் கீழ் இவை தகுதியுடையவை என்பதை நிறுவனங்களுக்கு எழுத்தில் தெரிவிப்பது இரண்டாம் கோரிக்கை.

மூன்றாவதாக, 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் 2.5 முதல் 15 விழுக்காடு வரை தொழில் பழகுநர்களை அமர்த்த வேண்டும் என்னும் விதியின்படியான இடங்களை இக்குடியிருப்புகளில் அறிவிப்புப் பலகை வழியாக அறிவித்தல் வேண்டும். நான்காவதாக, நிறுவன உணவகங்கள் மசாலாப் பொடி, துணிப்பை முதலியவற்றைச் சுய உதவிக் குழுக்களிடம் கொள்முதல் செய்யப் பரிந்துரைத்தல் வேண்டும். ஐந்தாவதாக, கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள் தமிழில் வழங்கப்பட வேண்டும். ஆறாவதாக, கூட்டங்கள் மாலை ஆறு மணிக்குப் பின் நடத்தப்பட வேண்டும். காலையில் கூட்டம் என்றால் வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்கள் ஒரு நாள் கூலியை இழந்தே வர முடியும்.

மனுக்களுக்கு மூன்று நாட்களுக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தரப்பட வேண்டும் என்னும் 2015-ஆம் ஆண்டு அரசாணை நடப்பில் உள்ளது. முந்தைய மனுவுக்குக் கிடைத்தது, அது உரிய நடவடிக்கைக்காக வேறொரு பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்னும் ஒற்றை வரி மட்டுமே. இம்முறை முதற்கோரிக்கைக்கு மட்டுமேனும், ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா, மறுக்கப்பட்டதாயின் எவ்விதியின் கீழ் என்பதைக் குறிப்பிட்டு, முடிவெடுக்கும் அலுவலரின் கையொப்பத்துடன் விடை அளிக்குமாறு கோரப்படுகிறது.

பொதுச் செயலாளர்,
கூட்டமைப்புக்காக.

இணைப்பு: முந்தைய மனு, நினைவூட்டுக் கடிதங்களின் நகல்கள்.