பெட்டிக்குள் பூட்டிய படங்கள்

ஓடி முடிந்த இடத்திலிருந்தே மறுபடி தொடங்கி, ஓயாமல் சுழலும் பரீட்சார்த்தக் குறும்படங்களை யாவரும் கட்டணமின்றி இணையத்தில் பார்க்க விடலாமா என்று கேட்போர் உண்டு. விட்டே தீரவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

சுழலும் படம் நேற்று முளைத்த விநோதமன்று. 1894ஆம் வருஷம் நியூயார்க்கில் எடிசனின் பெட்டிகள் ஜனங்களுக்குத் திறக்கப்பட்டபோது, அவற்றினுள் பிலிம் சுருள் தலையும் வாலும் ஒட்டப்பெற்று வளையமாகவே ஓடிற்று. காசு கொடுத்தவர் ஒருவர் மட்டும் குனிந்து பார்க்கலாம். நூற்று முப்பது வருஷங்கள் கழிந்தும் கலைக்கூடத்தார் அந்தப் பெட்டியை விட்டபாடில்லை. மூன்று பிரதி, ஐந்து பிரதி என்று வரையறுத்து விற்கிறார்கள். பிரதி அருகினால் விலை ஏறும், மெய்தான். படமே அழியவும் கூடும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. சித்திரக்காரர் அக்பர் பதம்ஸீ 1969ல் எடுத்த ‘ஈவெண்ட்ஸ் இன் எ கிளவுட் சேம்பர்’ என்ற பரீட்சார்த்தப் படத்துக்கு இருந்தது ஒரே பிரதி. அது காணாமற் போயிற்று. வயோதிக தசையில் இருந்த அவரைத் துணைக்கொண்டு, ஆஷிம் அலுவாலியா என்னும் டைரக்டர் 2016ல் அதை மறுபடி உருவாக்க முயன்றார். முயற்சி போற்றத்தக்கதே, எனினும் போன படம் போனதுதான்.

நாஞ்சில் நாட்டாருக்கு இதை எடுத்துரைக்க வேண்டியதில்லை. அகஸ்தீசுவரத்தில் வாழ்ந்து 1975ல் மறைந்த ஜே. ஸி. டானியல், மலையாளத்தின் முதற் படமாகிய ‘விகதகுமார’னை எடுத்துப் பொருளை இழந்தார், அதன் பிரதி ஒன்றேனும் மிஞ்சவில்லை. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த 1933ஆம் வருஷத்து ‘மார்த்தாண்ட வர்மா’வோ, மூல நாவலின் பிரசுரகர்த்தர்கள் தொடுத்த பதிப்புரிமை வழக்கால் முடங்கிற்று. அப்படி முடங்கிய பிரதியே 1974ல் புனே திரைப்படக் காப்பகத்தை அடைந்தது. ‘பூட்டியதால்தானே பிழைத்தது?’ என்று எதிர்க்கட்சி வக்கீல் வாதிக்கக்கூடும்! அதைப் பார்த்திருக்க வேண்டிய ஒரு தலைமுறை பார்க்காமலே முடிந்ததற்கு அவர் என்ன பதில் சொல்வார்?

கலைஞன் எப்படிப் பிழைப்பான் என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் பார்க்க அனுமதிப்பது வேறு. உரிமையைத் துறப்பது வேறு. 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 21வது பிரிவு துறப்புக்கு வழி சொல்கிறது. 30வது பிரிவு, உரிமையைக் கையில் வைத்துக்கொண்டே அனுமதி வழங்க இடந்தருகிறது. பின்னதே இங்கே போதும். படத்தைத் திரையிட்டுக் காசு சம்பாதிப்பவனிடம் தன் பங்கைக் கேட்கும் பாத்தியதை கலைஞனிடமே இருக்கும்.

ஜனங்களின் வரிப்பணத்தில் எடுத்தவற்றுக்கோ இந்த ஆட்சேபமும் இல்லை. பிலிம்ஸ் டிவிஷனில் பிரமோத் பதி எடுத்த ‘எக்ஸ்ப்ளோரர்’ (1968) போன்ற துணிகரமான குறும்படங்கள் எவருடைய சொத்து? கானடா தேசீய பிலிம் போர்டு 2009 முதல் தன் படங்களை ஆயிரக்கணக்கில் இணையத்தில் இனாமாகக் காட்டி வருகிறது. நமது டிவிஷனும் சிலவற்றை வெளியிட்டதுண்டு, சில போதா. டிவிஷனும் காப்பகமும் இப்பொழுது தேசீயத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் என்ற ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டபடியால், ஓர் உத்தரவு போதும். கழகத்தார் தம்மிடமுள்ள குறும்படங்கள் அனைத்தையும், எடுத்தவர் பெயரோடும் வருஷத்தோடும், வெட்டாமல் முழுமையாக வெளியிட வேண்டும். அவற்றோடு ‘மார்த்தாண்ட வர்மா’வில் மிஞ்சியுள்ள பகுதி முழுவதும் சேரட்டும். அதைப் பார்க்க நாகர்கோவில் மாணவன் புனேக்கு ரயிலேற வேண்டியிருக்கலாகாது.