பாதியில் நிற்கலாமா பாடம்?

ஆசிரியர் ஒரு நாட்டில். மாணவர்கள் பல நாடுகளில். வீடியோ மூலம் வகுப்பு நடக்கிறது. அதற்கு எந்தச் சாதனம் ஏற்றது?

"ஜூம்" எல்லோருக்கும் தெரியும். ஆனால் இலவசக் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். கணக்கு பாதியில் நிற்கும்! "கூகுள் மீட்" சீனாவில் திறக்காது. அங்குள்ள மாணவர் என்ன செய்வார்?

"பிக்புளூபட்டன்" பாடம் நடத்துவதற்கென்றே செய்யப்பட்டது. 2007-ல் கனடா நாட்டுக் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. கரும்பலகையில் எழுதுவது போல் எழுதலாம். மென்பொருள் இலவசம். அதை இயக்கும் சர்வருக்குத்தான் செலவு. பல பள்ளிகள் சேர்ந்து அந்தச் செலவை ஏற்கலாமே!

பெரிய பெயரை மட்டும் நம்பக்கூடாது. புகழ் பெற்ற "ஸ்கைப்" 2025 மே மாதம் மூடப்பட்டது. எதை எடுத்தாலும், இணைப்பு மிக மெதுவாக உள்ள மாணவரை முதலில் அழைத்துப் பாருங்கள். அவருக்குக் குரல் தெளிவாகக் கேட்கவேண்டும். படம் பிறகு வரட்டும்.