மரக்காலணியைத் தேடி



சினிமாவின் நூற்றாண்டையொட்டி, 1995-ஆம் ஆண்டில் வத்திக்கான் 45 திரைப்படங்களின் பட்டியலொன்றை வெளியிட்டது. அதில் இடம்பெற்ற "மரக்காலணிகளின் மரம்" என்னும் இத்தாலியப் படத்தை வீட்டிலேயே காண வழியுண்டா எனத் துறையூர் இல்லத்தரசி ஒருவர் வினவியுள்ளார்.

எர்மான்னோ ஓல்மி இயக்கிய இப்படம், 1978-இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பெர்கமோ நாட்டுப்புறத்தில் நிகழும் கதை. விளைச்சலில் மூன்றில் இரு பங்கைப் பண்ணையாருக்கு அளக்கும் ஏழைக் குடியானவர்கள். பங்குக் குருவின் சொற்கேட்டு, ஒரு தந்தை தன் மகனைப் பள்ளிக்கு அனுப்புகிறான். நெடுந்தொலைவு நடக்கும் சிறுவனின் மரக்காலணி உடைந்துவிடுகிறது. புதிது செய்துதர, தந்தை இரவில் பண்ணையாரின் மரமொன்றை வெட்டுகிறான். அதற்காக அக்குடும்பமே வெளியேற்றப்படுகிறது. வாரத்துக்கு உழுது பிழைத்த முன்னோரையுடைய நம் இல்லங்களுக்கு இக்கதை அயலானதன்று.

தேடுவோர் முதலில் பெயரை அறிதல் வேண்டும். ஆங்கிலத்தில் "தி ட்ரீ ஆஃப் வுடன் கிளாக்ஸ்". இத்தாலியத்தில் "லால்பெரோ தெலி சோக்கொலி". இரு பெயர்களோடும் இயக்குநர் பெயரையும் ஆண்டையும் சேர்த்துத் தேடுக. "ஜஸ்ட்வாட்ச்" என்னும் இணையத்தளத்தில் இந்தியாவைத் தெரிவு செய்தால், எந்த நிறுவனம் சந்தாவுக்கோ வாடகைக்கோ படத்தைத் தருகிறது என்பது தெரியும். காட்டும் உரிமை நாடுதோறும் தனித்தனியே, குறித்த காலத்துக்கே விற்கப்படுகிறது. ஆகவே இன்று இல்லாதது பின்னர் வரலாம். அவ்வப்போது பார்த்து வருக. டி.வி.டி. வாங்குவோர் வட்டார எண்ணைக் கவனிக்க: இந்தியாவுக்கு 5, இத்தாலிக்கு 2, அமெரிக்காவுக்கு 1. எண் மாறினால் நம் கருவியில் ஓடாமற்போகலாம்.

உரிமையின்றி இணையத்தில் உலவும் களவுப் படிகளை நாடாதீர்கள். அத்தந்தை மரம் வெட்டியது மகனின் பாதத்துக்காக. நம் பொழுதுபோக்கை அத்தேவைக்கு ஒப்பிடலாகாது.

படம் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும். இரு மாலைகளாகப் பிரித்துப் பார்க்கலாம். நடித்தவர்கள் அவ்வூர்க் குடியானவர்களே. பேசுவது வட்டார மொழி. ஆங்கில வரிகளைத் தமிழாக்கி, பாட்டிக்கு உரக்கச் சொல்லும் பணியை வீட்டிலுள்ள மாணவரிடம் ஒப்படையுங்கள். ஒரு பிள்ளை எழுத்தறிய ஒரு குடும்பம் இழந்தது எவ்வளவு என்பதை, எழுத்தறிந்த நம் பிள்ளையின் வாயாலேயே கேட்போம்.